அடைக்கலம் தேடிய பாதை

மடு யாத்திரை ஈழத்து வடபகுதிக் கத்தோலிக்க மக்களின் வாழ்வோடு பிரிக்கவியலாதபடி பிணைந்த ஒன்று. பாயும் பானையும் பிள்ளைகளும் நிறைந்த மாட்டுவண்டிகளிற் காட்டுவழியே சென்ற தலைமுறை மறைந்துவிட்டது. 1914 இல் மதவாச்சி – தலைமன்னார் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர், மடுவீதிப் புகையிரத நிலையத்தில் இறங்கி எஞ்சிய தூரத்தை நடந்து கடந்த தலைமுறையும் முதுமை எய்திவிட்டது. இன்று பேருந்துகளும் வான்களும் ஒரு பகற்பொழுதிற் சென்று மீள்கின்றன. மடுமாதாவின் திருச்சொரூபத்திற்கு முடிசூட்டப்பெற்ற நூறாவது ஆண்டாகிய 2024 இல், யாழ்ப்பாணக் கரையோரப் பங்கு ஒன்றைச் சேர்ந்த மக்கள் அவ்வாண்டு நினைவாகத் துவிச்சக்கர வண்டிகளிலேயே மடுவுக்குச் செல்வதெனத் தீர்மானித்தனர். கடற்றொழிலாளர், கூலித் தொழிலாளர், பள்ளி மாணவர், ஓய்வுபெற்ற தபாற்காரர் எனப் பலரும் அதிற் சேர்ந்தனர்.

நாம் அப்பங்கைச் சேர்ந்தோர் அல்லோம். எம்மை அவர்கள் அழைத்தது பக்தி கருதியன்று. வழிநெடுக இளைஞர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லச் சரித்திரம் படிப்பிக்கும் ஒருவர் வேண்டும் என்பதே அவர்கள் கூறிய காரணம். விடை சொல்லப் போன நாம் கேள்விகளோடு திரும்பினோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும்.

மடுவுக்குச் செல்ல வழிகள் இரண்டு. ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா வழியாகச் செல்வது ஒன்று. நாவற்குழியிற் பிரிந்து, சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி வழியாக மேற்குக் கரையோரமாய் மாந்தை சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்புவது மற்றொன்று. இரண்டாவதையே தேர்ந்தோம். ஏனெனில், மடுமாதாவின் சொரூபம் முதன்முதல் இருந்த இடம் மாந்தை என்பது மரபு. சொரூபம் சென்ற வழியே நாமும் செல்லவேண்டும் என்பது பங்கு மக்களின் விருப்பம்.

துவிச்சக்கர வண்டி ஏழையின் வாகனம். வடபகுதியைப் பொறுத்தமட்டில் அது ஒரு சரித்திரச் சான்றும் ஆகும். 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது வடபகுதிக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெயில் மூச்சுத்திணறி ஓடிய சில மோட்டார் வாகனங்கள் நீங்கலாக, ஒரு சமுதாயம் முழுவதும் இரண்டு சில்லுகளின்மேல் ஏறிற்று. விறகும் நெல்மூட்டையும் மாத்திரமன்றி, கர்ப்பிணிகளும் காயமுற்றோரும் கரியரில் ஏற்றப்பட்டனர். மின்சாரமற்ற வீடுகளில் வண்டியைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையாற் சுழற்றி, தைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டனர். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தின்மேல் வண்டிகளை ஓட்ட இடமின்றி உருட்டிக்கொண்டே ஓர் இரவு முழுவதும் நகர்ந்தனர். அதே பாலத்தை நாம் அதிகாலையிற் சில நிமிடங்களிற் கடந்தோம். எமக்கு முன்னாற் சென்ற முதிய கடற்றொழிலாளி ஒருவர் அவ்விடத்தில் வண்டியை விட்டிறங்கி, பாலம் முடியும்வரை அதை உருட்டிக்கொண்டே நடந்தார். காரணத்தை அவர் சொல்லவில்லை. இளைஞரும் கேட்கவில்லை. ஆனால் ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் இறங்கி நடந்தனர்.

சங்குப்பிட்டியிற் சோளகக் காற்று எதிர்த்து வீசிற்று. 2011 இல் திறக்கப்பட்ட இப்பாலத்தின் இருமருங்கும் கடல்நீரேரி. காற்றை எதிர்த்து மிதித்த கால்கள் பூநகரியை அடையுமுன்னரே தளர்ந்தன. முழங்காவிலும் வெள்ளாங்குளமும் கடந்து, பொழுது சாயும் வேளையில் தேவன்பிட்டியை அடைந்தோம்.

தேவன்பிட்டி சிறியதொரு கரையோர ஊர். 2008 ஏப்பிரலில், மடுவைச் சூழப் போர் நெருங்கியபோது, குருமார் திருச்சொரூபத்தை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது இவ்வூர்க் கோவிலுக்கே. அதே ஆண்டு ஓகஸ்டில் சொரூபம் மடுவுக்கு மீண்டது. ஆனால் மேற்குக் கரையோரத்து மக்களோ போர்முனை நகர நகரக் கிழக்கே பெயர்ந்து, பல இடங்களிற் கொட்டில் போட்டுப் பிரித்து, 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலின் மணலிற் போய் முடிந்தனர். தப்பியோர் முட்கம்பி முகாம்களை அடைந்தனர். கோவில் முற்றத்தில் எமக்குத் தேநீர் கொடுத்த மூதாட்டி சொன்னார்:

“மாதாவும் எங்களோட இடம்பெயர்ந்தவதான், தம்பி. அவ கெதியாத் திரும்பிப் போட்டா. எங்களுக்குத்தான் நாள் எடுத்தது.”

இவ்வார்த்தைகளில் முறைப்பாடு இல்லை, நிந்தனையும் இல்லை. கடவுளின் தாயைத் தம்மோடொத்த அகதியாக எண்ணும் உரிமை மாத்திரமே இருந்தது. மடுவின் சரித்திரத்தை விளங்கிக்கொள்ள இவ்வுரிமையிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது அன்றிரவு எமக்குத் தோன்றிற்று.

மறுநாள் இலுப்பைக்கடவையைக் கடந்து விடத்தல்தீவை அடைந்தோம். இங்கே இளைஞருள் ஒருவன், சாலையோரத்துப் பள்ளிவாசலைக் காட்டி, இங்கு முஸ்லிம் மக்கள் எப்போது வந்து குடியேறினர் என்று கேட்டான். அவர்கள் வந்து குடியேறியோர் அல்லர். தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்து, 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளாற் குறுகிய கால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்தபின் மீளத் தொடங்கியோர் என்று கூறினோம். வடபகுதி முழுவதிலுமிருந்து அவ்வாறு விரட்டப்பட்ட முஸ்லிம்கள் எழுபதினாயிரத்திற்குக் குறையாதவர். அவன் அதனை அறிந்திருக்கவில்லை. அவன் படித்த பாடசாலையில், எம்போன்ற ஆசிரியரே படிப்பித்தனர். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை வீழ்ந்ததை நாம் அவனுக்குச் சொன்னோம். அவன் பிறப்பதற்குச் சில ஆண்டுகளின் முன்னர் அயலூர் வீழ்ந்ததைச் சொல்லவில்லை. இக்குற்றத்தை வேறெவர்மீதும் சுமத்த எமக்கு உரிமையில்லை.

மாந்தையில் வெயில் ஏறிவிட்டது. மாதோட்டம் எனப் பழைய நூல்கள் கூறும் பெருந்துறைமுகம் இதுவே. பாலாவிக் கரையிலுள்ள திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியுள்ளனர். இங்கேதான், மடுவுக்குச் சென்ற சொரூபத்தின் முதற்கோவிலும் இருந்தது. மர நிழலில் அமர்ந்து அக்கதையைச் சொன்னோம்.

1658 இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் நாடுகடத்தப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று விதிக்கப்பட்டது. கோவில்கள் சீர்திருத்த சபையின் வசமாயின. உத்தியோகம் வேண்டுவோர் அச்சபையின் ஞானஸ்நானத்தைப் பெறவேண்டியிருந்தது. திருமணமும் பெயர்ப்பதிவும் அச்சபையின் பள்ளிக்கூடத் தோம்புகளுக்குள் அடங்கின. உடைமையும் பதவியும் உடையோர் பலர் புதிய எசமானரின் மதத்திற்கு மாறி, வீட்டினுள்ளே பழைய மதத்தையோ அதற்கும் பழைய மதத்தையோ பேணினர். இழப்பதற்கு அதிகம் இல்லாதோருக்கு மற்றொரு வழியும் இருந்தது: காட்டிற்குள் ஓடுதல். 1670 இல் மாந்தையைச் சேர்ந்த 20 குடும்பங்கள் தம் கோவிலின் சொரூபத்தை எடுத்துக்கொண்டு, ஒல்லாந்தர் ஆட்சி எட்டாத வன்னிக் காட்டினூடு சென்று, மருதமடு என்னுமிடத்திற் குடியேறினர் என்பது மரபு. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த கத்தோலிக்கரும் அவர்களோடு அங்கே சேர்ந்தனர். பாம்பும் காய்ச்சலும் நிறைந்த காடு அது. மடுவின் மண் பாம்பின் நஞ்சைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை அக்காட்டிற் பிறந்ததாதல் இயல்பே.

கதை முடிந்ததும் மாணவன் ஒருவன் கேட்டான்: “சேர், எங்களைத் துரத்தினது ஒல்லாந்தர். அப்ப கேதீச்சரத்தை இடிச்சது ஆர்?”

இக்கேள்வியே எம் பயணத்தின் நடுவிடமாயிற்று. கேதீச்சரத்தை இடித்தவர் போர்த்துக்கேயர். அவனுடைய முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்த குருமார் வந்ததும் அவர்களுடைய கப்பல்களிலேயே. இதனை மறைத்துப் பயனில்லை. சொன்னோம்.

சொல்லத் தொடங்கியபின் நிறுத்தவும் இயலவில்லை. 1544 இல் மன்னாரிலே மதம் மாறிய எளிய மக்கள் 600 பேரளவில், யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் கட்டளையாற் கொல்லப்பட்டனர். பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் ஞானஸ்நானம் பெற்றமையே அவர்கள் செய்த குற்றம். புதிய மதத்தின் பின்னாற் புதிய அரசொன்று வரும் என்று மன்னன் அஞ்சினான், அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் அவன் வாள் விழுந்தது அரசின்மீதன்று, கரையோரத்து உழைப்பாளரின் கழுத்தின்மீது. அப்பால் நிகழ்ந்ததோ இன்னும் படிப்பினை தருவது. கொலைக்குப் பழிவாங்கப் படையனுப்பவேண்டும் என்று சவேரியார் வற்புறுத்தினார். படை புறப்படவிருந்த வேளையிற் பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் ஒதுங்கிற்று; அதன் சரக்கை மன்னன் கைப்பற்றிக்கொண்டான். சரக்கை மீட்பது முக்கியமாயிற்று, படையெடுப்பு நின்றது. 600 உயிர்களினும் ஒரு கப்பற் சரக்கு கனமாயிருந்ததை, மதத்தின் பெயரால் வந்த அப்பேரரசின் தராசு அன்று காட்டிற்று. 1560 இல் அவர்கள் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டியபோது, அக்கடலின் முத்து அவர்களுடைய நினைவில் இல்லாமலில்லை.

ஆகவே, இந்தச் சிறு நிலத்திலே சைவ மன்னனாற் கத்தோலிக்கர் மாண்டனர். கத்தோலிக்கப் பேரரசாற் சைவ ஆலயம் இடிந்தது. சீர்திருத்தக் கிறிஸ்தவ வணிகக் கம்பனியாற் கத்தோலிக்கர் காடேகினர். தமிழ்ப் போராளிகளால் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். துரத்தியவன் கையிலிருந்த கொடி மாறிற்று. துரத்தப்பட்டோருட் பெரும்பாலோர் எக்காலத்திலும் வலையும் மண்வெட்டியும் பிடித்த கையினரே.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணுவோர் மாந்தைச் சந்தியிற் சிறிதுநேரம் நிற்பாராக. 2013 டிசம்பரில் இங்கே நீர்க்குழாய் பதிக்க மண்ணை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. ஒன்றன்மேலொன்றாகப் புதைக்கப்பட்ட மண்டையோடுகள் எழுந்தன. 2019 மார்ச்சில், மகாசிவராத்திரியை அண்டிய நாளில், கேதீச்சரத்திற்குச் செல்லும் வீதியில் அமைத்த வளைவை ஒரு கூட்டத்தார் பிடுங்கி எறிந்தனர். எறிந்தோர் கத்தோலிக்கர், எதிர்த்தோர் சைவர், இரு பகுதியாரும் தமிழர், இரு பகுதியாரும் பத்தாண்டுகளின் முன்னர் ஒரே முகாமில் ஒரே வரிசையிற் சோற்றுக்கு நின்றோர். புதைகுழியைக் கண்டு ஒன்றுசேர்ந்து கேள்வி கேட்கவேண்டிய மக்கள், வளைவைக் கண்டு பிரிந்து நின்றனர். யாருக்கு இது இலாபம் என்பதை வாசகருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

1872 என்னும் ஆண்டையும் இங்கே நினைவுகூரலாம். அவ்வாண்டிலேதான் பொஞ்சீன் ஆண்டகை மடுவிற் புதிய ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டிலேதான் ஆறுமுக நாவலர், தம்முடைய “யாழ்ப்பாணச் சமயநிலை” வாயிலாக, பாழடைந்து கிடந்த கேதீச்சரத்தை மீட்குமாறு சைவ மக்களை வேண்டினார். ஒருவரையொருவர் எதிர்த்து எழுதிய இரு சமயத்தாரும், பேரரசுகள் கலைத்த தம் இடங்களை ஒரே வேளையிற் கட்டியெழுப்ப முனைந்தனர். இவ்வொற்றுமையை இரு பகுதியாருடைய நினைவுமலர்களும் கூறுவதில்லை.

பிற்பகலில் உயிலங்குளம், முருங்கன் வழியாகக் கிழக்கே திரும்பினோம். இப்போது காற்று எமக்குப் பின்னால். வண்டிகள் தாமாகவே உருண்டன. இப்பகுதிக் காடுகளுக்கும் வேறொரு நினைவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர் கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து சென்ற வடபாதை இக்காட்டினூடே கிடந்தது. வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோருக்குக் கல்லறை இல்லை. பின்னர் வந்த புகையிரதம் அவர்களுடைய பிள்ளைகளைத் தலைமன்னாரிலிருந்து மலைநாட்டுக்கு ஏற்றிச் சென்றது. அதே புகையிரதம் மடுவுக்கு யாத்திரிகரையும் ஏற்றி வந்தது. ஒரே தண்டவாளத்தில் வேண்டுதலும் கூலியும் ஓடின. 1990 இல் நின்றுபோன அப்பாதையில், மடுவீதிக்கு 2013 இலும் தலைமன்னாருக்கு 2015 இலும் மீண்டும் வண்டி ஓடத் தொடங்கிற்று.

வழியில் இளைப்பாறியபோது யோசேவ் வாஸ் அடிகளைப் பற்றிப் பேச்செழுந்தது. 1687 இல் கோவையிலிருந்து வந்து, கூலிக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்திற்குள் நுழைந்து, சில்லாலையில் மறைந்திருந்து பணிபுரிந்தவர் அவர். ஐரோப்பியத் துறவற சபைகள் சுதேசிகளைச் சேர்க்க மறுத்த காலத்தில், கோவையிற் சுதேசக் குருமார் அமைத்த சபையைச் சேர்ந்தவர். 2015 ஜனவரி 14 ஆம் நாள் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்கும் வந்தார். வெள்ளைக் குருமார் கப்பலேறிய பின்னர் இந்நாட்டுக் கத்தோலிக்க மதத்தைக் காத்தது கரியநிறத்துக் கூலிவேடம் என்பது சிந்திக்கத்தக்கது. ஆயினும், கூலியின் வேடத்தைப் போற்றிய சமுதாயம் கூலியை உடன் இருத்திற்றா? யாழ்ப்பாணத்துக் கோவில்கள் சிலவற்றிற் சாதிக்கொரு பக்கமும், சேமக்காலையில் சாதிக்கொரு மூலையும் இருந்ததை மறுப்பாரில்லை. மடுமாதாவுக்கு முடிசூட்டப்பட்ட அதே 1924 ஆம் ஆண்டிலேதான் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசைத் தோற்றுவித்து, சாதியொழிப்பையும் சமஆசனத்தையும் பற்றிப் பேசத் தொடங்கினர். முடிசூட்டு நூற்றாண்டைக் கொண்டாடிய எத்தனைபேர் மற்றைய நூற்றாண்டை நினைத்தனர்? நாம் இதைச் சொன்னபோது ஓய்வுபெற்ற தபாற்காரர் சிரித்தார். “எங்கட சேமக்காலை மதில் இன்னும் ரெண்டாத்தான் கிடக்கு, சேர்” என்றார். அதன்பின் சிறிதுநேரம் ஒருவரும் பேசவில்லை.

மாலையில் மடுவை அடைந்தோம். திருவிழாக் காலத்திலே தமிழரும் சிங்களவரும் கூடும் பெருவெளி அது. கத்தோலிக்கர் மாத்திரமன்றிச் சைவரும் பௌத்தரும் அங்கே மெழுகுதிரி ஏற்றுவதைக் காணலாம். 1990 இல் இவ்வெளி அகதிகள் நிறைந்த நகரமாயிற்று. ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனம் இங்கே அடைக்கல நிலையம் ஒன்றை அமைத்தது; பல்லாயிரவர் ஆண்டுக்கணக்கில் மரங்களின்கீழ் வாழ்ந்தனர். 320 ஆண்டுகளின் முன்னர் 20 குடும்பங்கள் எதற்காக இவ்விடத்தைத் தேடினவோ, அதற்காகவே அவர்களும் வந்தனர். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பீரங்கிக்குக் காடும் மறைவன்று, கோவிலும் மறைவன்று. 1999 நவம்பர் 20 ஆம் நாள் எறிகணைகள் கோவில் வளவில் வீழ்ந்தன. அடைக்கலம் புகுந்திருந்தோரில் 40 பேரளவில், குழந்தைகள் உட்பட, மாண்டனர். இரு படையினரும் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தினர். இறந்தோர் எவரையும் சுட்டவில்லை.

அவ்விடத்திலே முழந்தாளிட்ட மக்களை நாம் விலகிநின்று பார்த்தோம். மதத்தை நாம் நோக்கும் விதம் வேறு. ஆயினும், இம்மக்கள் நினைவுகூர வந்தது முடியையா, அன்றி முடி சூட்டப்படுமுன்னர் அச்சொரூபத்தைச் சாக்கிற் சுற்றியோ தோளில் ஏந்தியோ காட்டினூடு சுமந்த கைகளையா என்னும் கேள்வி எம்மை விடவில்லை. ஆண்டகைமாரின் பெயர்கள் கல்லில் உள. சுமந்தோர் பெயர் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் எதிர்க்காற்றில் மிதித்து, ஒட்டுப்போட்ட ரியூப்புகளோடு வந்து சேர்ந்த இக்கூட்டம், தான் அறிந்தோ அறியாமலோ, பெயரில்லாத அவர்களையே நினைவுகூர்ந்தது என்று கொள்வதில் எமக்குத் தடையில்லை.

அடைக்கலம் எவருடைய தனிச்சொத்துமன்று. மாந்தையிலிருந்து ஓடியவனுக்கு அது உரிமையாயின், விடத்தல்தீவிலிருந்து ஓடியவனுக்கும் உரிமை. தோட்டவெளியில் வேதசாட்சிகளுக்கு எழுப்பிய ஆலயம் நியாயமாயின், பாலாவிக் கரையிற் கேதீச்சரம் எழுவதும் நியாயம். தன் துயரை மாத்திரம் எண்ணிக்கொள்ளும் சரித்திரம் அடுத்த துரத்தலுக்கு ஆயத்தம் செய்கிறது. பிறருடைய துயரையும் சேர்த்து எண்ணும் சரித்திரமே துரத்துவோன் யார், அவனுக்கு ஆதாயம் யாது என்று கேட்கக் கற்பிக்கிறது.

திரும்பும்போது மாந்தைச் சந்தியில், கேள்வி கேட்ட அம்மாணவன் கேதீச்சர வீதியில் வண்டியைத் திருப்பினான். நான்கைந்து பேர் அவனைத் தொடர்ந்தனர். பங்குத் தந்தை தடுக்கவில்லை. பாலாவிக் கரையில் முகம் கழுவி, கோபுரத்தைப் பார்த்துவிட்டு, அரைமணி நேரத்தில் வந்து சேர்ந்துகொண்டனர். ஏன் போனாய் என்று எவரோ கேட்டதற்கு, “இடிச்ச இடத்தைப் பாக்கத்தான்” என்றான்.

ஆசிரியர்களாகிய நமக்கு அவன் சொன்னது போதும். பாடநூல் அச்சாகி வரும்வரை காத்திராமல், வண்டிகளுக்குக் காற்றடித்து, மாணவரை அழைத்துக்கொண்டு அந்தப் பாதையிற் செல்வோமாக. சேமக்காலை மதிலையும் போகும் வழியிற் காட்டுவோமாக.